உப்புத்தாளும் மூன்று சக்கரமும்



சாயங்காலம் ஐந்தரை ஆகிவிட்டால் எங்கள் படூர் குடியிருப்பில் யாரோடும் நிம்மதியாகப் போனில் பேச முடியாது. கீழே கார் நிறுத்துமிடத்தில் பிள்ளைகள் வண்டியை எடுத்துவிடுவார்கள். காற்றடைத்த டயர் போட்ட சைக்கிளால் தொந்தரவில்லை. பிளாஸ்டிக் சக்கரம் வைத்த மூன்று சக்கர வண்டிதான் பேவர் பிளாக் கல்லில் ஏறி இறங்கும்போது, தகரக் கொட்டகை மேல் ஆலங்கட்டி விழுகிற மாதிரி கடகடவென்று கேட்கும். கட்டுரை விஷயமாகப் பேசிக்கொண்டிருந்த ஓர் எழுத்தாளர், "என்ன மேடம், கட்டட வேலை நடக்குதா அங்க?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

அந்தச் சத்தத்தில் ஒரு பங்கு எங்கள் வீட்டுடையது. பேத்திக்கு நாலு வயது. அவள் ஓட்டுவது கடையில் வாங்கிய வண்டி அல்ல, இரண்டாம் மாடிக் குடும்பம் ஊர் மாறிப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. சிறுசேரி சிப்காட்டை நம்பி இருக்கும் ஊர்களில் இது வழக்கம். வேலை மாறினால் வீடு மாறும், கட்டிலும் பீரோவும் லாரி ஏறும், குழந்தையின் வண்டி மட்டும் மாடிப்படிக்கு அடியில் நின்றுவிடும். எங்கள் படிக்கு அடியில் இப்போது அப்படி மூன்று நிற்கின்றன. மூன்றும் ஒரே மாதிரி, ஒரே நிறம். எது யாருடையது என்பதில் தினமும் ஒரு பஞ்சாயத்து.

எங்கள் பங்குக்கு வந்த வண்டியின் சட்டம் நன்றாக இருந்தது. மணி அடித்தது. சக்கரங்கள்தான் பரிதாபம். நடுவில் இருக்கும் சிவப்புத் தட்டு வெளுத்து, பல் துலக்கும் பொடி நிறத்துக்கு வந்திருந்தது. விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது. ஓரமெல்லாம் தூணில் இடித்த வடு. "ஆன்லைன்ல போட்டா நாளைக்கே புதுசு வந்துரும் ஆன்ட்டி, எதுக்கு இவ்ளோ கஷ்டம்?" என்றது எதிர்வீட்டுப் பெண். அவள் சொன்னது தப்பில்லை. எனக்கு ஒரு பிடிவாதம், அவ்வளவுதான். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஆயுத பூஜை நெருங்கியிருக்கும். வீட்டில் இருக்கிற வண்டிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கப்போகிறோம். இதற்கு மட்டும் இந்த முகத்தோடு எப்படி வைப்பது?

பிளாஸ்டிக் ஏன் இப்படி ஆகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடற்கரைப் பக்கமான இங்கே எதற்கெடுத்தாலும் உப்புக்காற்றைத் திட்டுவது நம் பழக்கம். மோட்டார், ஜன்னல் கம்பி, ஏ.சி. பெட்டி எல்லாவற்றுக்கும் அதுதான் குற்றவாளி. பிளாஸ்டிக் விஷயத்தில் அது நிரபராதி. உப்பு தின்றது சக்கரத்துக்குள் போகும் இரும்பு அச்சை. சக்கரத்தை வெளுக்க வைத்தது வெயில். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை மேற்பரப்பில் துண்டு துண்டாக வெட்டுகிறது, காற்றிலுள்ள ஆக்சிஜனும் கூடச் சேர்ந்துகொள்கிறது. வெட்டுப்பட்ட தோல்தான் விரலில் பொடியாக வருகிறது. கறுப்புப் பிளாஸ்டிக் இதைக் கொஞ்சம் தாங்கும். அதில் கலக்கிற கரி, கதிரைத் தானே விழுங்கிக்கொள்ளும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள் பெரும்பாலும் கறுப்பாக இருப்பதில் இதற்கும் பங்குண்டு.

இந்தப் பழுது தோல் ஆழம்தான் என்பது நல்ல செய்தி. மேலே செத்துப்போன தோலை உரித்துவிட்டால் உள்ளே நல்ல பிளாஸ்டிக் இருக்கிறது. தேய்ந்ததைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். தமிழில் இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல் இருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

தேய்ப்பதற்கு வேண்டியதை வாங்கக் கேளம்பாக்கம் போனேன். ஹார்டுவேர் கடையில் "சாண்ட்பேப்பர்" என்று கேட்டேன். கல்லாவில் இருந்த பெரியவர் உள்ளே திரும்பி, "அம்மாவுக்கு உப்புத்தாள் எடு" என்றார். எத்தனை வருஷமாயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு! என் அப்பா அப்படித்தான் சொல்வார். தாளின் மேல் உப்பைத் தூவினது போல் இருப்பதால் வந்த பெயராக இருக்கலாம். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற சாலையில் காயலையும் உப்பளத்தையும் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் இன்னும் பொருத்தம்.

உப்புத்தாளில் எண் ஏற ஏற மணி பொடியாகும். 120 கரகரப்பு, 400 மென்மை, 800 கிட்டத்தட்ட பட்டு. கறுப்பாக இருக்கும் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம். அதன் மேலிருப்பது சிலிக்கன் கார்பைடு. 1891-ல் செயற்கை வைரம் செய்யப் புறப்பட்ட எட்வர்ட் அச்சிசன் என்ற அமெரிக்கருக்கு வைரத்துக்குப் பதிலாகக் கிடைத்தது அது. கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் நம்மூருக்கும் வந்தது. முருகப்பா குழுமம் வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல், திருவொற்றியூரில் இந்த அரைக்கிற தேய்க்கிற சாமான்களைச் செய்துவருகிறது. நனைத்துத் தேய்க்கும் தாளை அமெரிக்காவில் 3எம் நிறுவனம் 1921-ல் கொண்டுவந்தது. அதுவரை கார் பட்டறைகளில் உலர்ந்த பெயிண்டைத் தேய்க்கும் தூசு நேரே தொழிலாளியின் மூச்சுக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் வேறு. ஒரு தாளை நனைக்கலாம் என்பது எத்தனை பேர் நுரையீரலைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கடையை ஒட்டி ஒரு டிங்கரிங் பட்டறை. கார் பம்பருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்த தம்பியிடம் பையிலிருந்த சக்கரத்தைக் காட்டினேன். சிரிக்காமல் வாங்கிப் பார்த்தார், அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

"இது ரெண்டு பிளாஸ்டிக்மா. வெளி வளையம் வேற, நடுத்தட்டு வேற."

"எப்படிப்பா கண்டுபிடிச்சே?"

வெளி வளையத்திலிருந்து ஒரு சிம்பு, தட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு சிம்பு சீவி எடுத்து, சோப்புத் தண்ணீர் டப்பாவில் இரண்டையும் அமுக்கி விட்டார். கறுப்புச் சிம்பு மேலே வந்து மிதந்தது. சிவப்பு மூழ்கிவிட்டது. பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் தண்ணீரைவிட இலேசு, மிதக்கும். ஏ.பி.எஸ். மூழ்கும். "மிதக்கிறதுல பெயிண்ட் நிக்காதும்மா. நாளைக்கே தோலா உரிஞ்சு வந்துரும்" என்றார். மிதக்கிற இனத்துப் பிளாஸ்டிக் மெழுகுத்தன்மை கொண்டது. தண்ணீர்த் துளியே அதன் மேல் பரவாமல் தாமரை இலையில் நிற்பது போல் முத்தாக நிற்கும். பெயிண்டும் அப்படித்தான். கார் பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்பதால், பட்டறையில் முதலில் அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் பிரைமரை மெல்லிசாக ஓட்டிவிட்டுத்தான் நிறத்துக்கே போவார்களாம்.

"சரி, அந்தப் பிரைமரை அடிச்சு வளையத்தையும் சேர்த்துப் புதுசாக்கிடலாமா?"

"ரோட்ல உருள்ற இடத்துல பெயிண்ட் அடிச்சா, அது ரோட்டுக்கு அடிச்ச பெயிண்ட்தாம்மா."

வளையத்தை விட்டுவிடுவது என்று அங்கேயே முடிவாயிற்று. ஆனாலும் வீட்டுக்கு வந்து, யாரும் பார்க்காத நேரத்தில், அதையும் ஓரமாகத் தேய்த்துப் பார்த்தேன். வழவழப்பாவதற்குப் பதில் பூனைமுடி மாதிரி பிசிறு கிளம்பியது. மெழுகுப் பிளாஸ்டிக் அப்படித்தான், அறுபடாமல் இழுபடும். தம்பி சொன்னது சொன்னதுதான்.

மற்ற சக்கரங்களைக் கழற்றுவதில் ஒரு சின்னச் சண்டை. அச்சின் முனையில் தகரக் குல்லாய் ஒன்றை அடித்து ஏற்றியிருப்பார்கள், கழற்றினால் அதோடு சரி, திரும்பப் போட முடியாது. இரண்டை நெம்பி உடைத்தேன். அச்சில் துரு மரப்பட்டை போல் ஏறியிருந்தது. அதைச் சுரண்டி, விளக்கெண்ணெய் தடவினேன். கிரீஸ் போடலாமே என்று கேட்பீர்கள். மாட்டுவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெய் விட்டதைப் பார்த்த கண்ணுக்கு வேறெதுவும் ஞாபகம் வரவில்லை.

பிறகு தேய்ப்பு. மொட்டைமாடியில் முக்காலி போட்டு, வாளித் தண்ணீரில் 220 எண் தாளை நனைத்து வட்டமாகத் தேய்த்தேன். முதல் இரண்டு நிமிஷம் தண்ணீர் ரோஸ் நிறத்தில் ஓடியது, வெயில் கொன்ற தோல் போகிறது. அப்புறம் சிவப்பு. அந்தச் சிவப்பு வந்ததும் கை தானாக வேகம் குறைந்தது. தூணில் இடித்த வடுக்களின் கரை மட்டும் மேடாக நின்றது. கண்ணுக்குத் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை ஓட்டினால் தெரியும். 400-க்கு மாறி அந்தக் கரைகள் விரலுக்கு அகப்படாமல் போகும் வரை தேய்த்தேன். ஒரு சக்கரத்துக்கு நாற்பது நிமிஷம். பெயிண்ட் அடிக்க ஆனது மொத்தமே நாலு நிமிஷம். பெரிய வேலையின் பெயர் எப்போதும் சின்ன வேலைக்குப் போய்விடுகிறது. இதைப் "பெயிண்டிங்" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம்.

ஸ்பிரே டப்பாவுக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில், எட்வர்ட் சீமோர் என்பவர் தான் தயாரித்த அலுமினிய பெயிண்டை வாடிக்கையாளருக்குக் காட்டி விற்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார். வாசனை தெளிக்கும் டப்பா இருக்கிறதே, அது மாதிரி அடைத்துப் பாருங்களேன் என்றார் மனைவி. 1949-ல் ஸ்பிரே பெயிண்ட் பிறந்தது. கம்பெனிக்குப் பெயர் கணவருடையது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

நம் கடற்கரைப் பக்கம் ஸ்பிரே அடிக்க நேரம் பார்க்க வேண்டும். பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்கு மேல் கோவளம் பக்கமிருந்து காற்று ஏறும். அந்தக் காற்றில் பாதி பெயிண்ட் அடுத்த மாடிக்குப் போய்விடும். அதைவிட மோசம் ஈரப்பதம். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படியும். பளபளப்பு போய் வெள்ளை பூத்துவிடும். விடியற்காலையும் வேண்டாம், மழைக்கு முந்தின புழுக்கமும் வேண்டாம். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை வெயில் படாத, காற்றோட்டமான இடம் உத்தமம். டப்பாவை உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்க ஒரு நிமிஷமாவது குலுக்க வேண்டும். தூரம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. கிட்டப் போனால் வழியும், தள்ளிப் போனால் பெயிண்ட் வழியிலேயே காய்ந்து மணலாக விழும். பொருளுக்கு வெளியே பீய்ச்சத் தொடங்கி, பொருளைக் கடந்து, வெளியே போய் நிறுத்த வேண்டும். முதல் பூச்சில் அடிநிறம் தெரியத்தான் தெரியும். ஆத்திரப்பட்டு அங்கேயே நின்றால் கண்ணீர்த் துளி மாதிரி ஒரு வழிசல் இறங்கும், அதை மறுபடி உப்புத்தாள்தான் தீர்க்கும். வளையத்தின் மேல் படாமல் இருக்க மாஸ்கிங் டேப் ஒட்டினேன். இரட்டை நிறக் கார் அடிக்கும் தொழிலாளிகள் காகிதத்தை ஒட்டி உரித்துப் பெயிண்டையே பிய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து 1925-ல் ரிச்சர்ட் ட்ரூ கண்டுபிடித்த டேப். இன்றும் அதற்கு அதே வேலை.

இன்னொன்று, தயவுசெய்து கவனியுங்கள். இப்போது வரும் பல டப்பாக்களில் பெயிண்டைத் தள்ளுவது சமையல் எரிவாயு போன்ற, தீப்பற்றும் வாயு. அடுப்படிக்கோ விளக்கு எரியும் சாமி அறைக்கோ பக்கத்தில் அடிக்கவே கூடாது.

இப்போது என் தோல்வியைச் சொல்லியாக வேண்டும். முதல் சக்கரம் பளபளவென்று வந்தது. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டாத குறை. நான்காம் நாள் மழை. மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்க அம்மை கண்டது போல் சின்னச் சின்னக் கொப்புளம். பட்டறைத் தம்பிக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "கடைசியா எந்தத் தண்ணியில கழுவினீங்க?"

போர் தண்ணீரில். ஓ.எம்.ஆர். பக்கம் குடியிருப்பவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. குழாயில் வெள்ளைப் பொருக்கு கட்டும் அதே தண்ணீர். காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத உப்பு தட்டின் மேல் தங்கிவிட்டது. அதன் மேல் பெயிண்ட். மழை ஈரத்தைப் பெயிண்டின் வழியாக அந்த உப்பு உள்ளே இழுத்து, தனக்கென்று ஒரு குட்டிக் குளம் கட்டிக்கொண்டது. கொப்புளத்துக்குள் இருந்தது அதுதான். உப்புக்காற்று நிரபராதி என்று மேலே எழுதினேனே, உப்புத் தண்ணீருக்கு அந்தச் சலுகை கிடையாது. மறுபடி 220, மறுபடி 400, கடைசி அலசல் மட்டும் கேன் தண்ணீரில். இரண்டாம் முறை கொப்புளம் வரவில்லை. எங்கள் வீட்டுச் சக்கரம் கேன் தண்ணீரில் குளித்ததாகச் சம்பந்தி வீடு வரை செய்தி போயிருக்கிறது.

குழந்தை வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கலாமா என்று தாய்மார்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி செய்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். அந்த விதி வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும் மட்டும்தான். வாகனத்துக்கென்று விற்கும் பெயிண்ட் அதில் வராது. கடையில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நாம் பெயிண்ட் அடித்த பிறகு அந்த முத்திரை நம் பெயிண்டுக்குப் பேசாது. ஆகவே ஈயமில்லை என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்கினேன். கை படும் பிடியிலும் உட்காரும் இருக்கையிலும் ஒரு சொட்டுகூட அடிக்கவில்லை. கெட்டியாகக் காய ஒரு வாரம் மொட்டைமாடி அறையில் தொங்கவிட்டேன். எதையெடுத்தாலும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தை இருக்கிற வீடாக இருந்தால் இந்த வேலையையே எடுத்திருக்க மாட்டேன். வெளுத்த சக்கரம் யாரையும் ஒன்றும் செய்யாது.

அந்த ஒரு வாரம் வண்டியில்லாமல் பேத்தியைச் சமாளிக்கக் கதை சொல்ல வேண்டியதாயிற்று. பட்டினப்பாலையில் வரும் மூன்று சக்கரச் சிறுதேரை எடுத்துக்கொண்டேன். சோழ நாட்டு ஊரொன்றில், முற்றத்தில் உலரும் தானியத்தைக் கோழி கொத்த வருகிறது. விரட்ட அந்த வீட்டுப் பெண் காதிலிருந்த குழையைக் கழற்றி எறிகிறாள். அந்தப் பொன் குழை வழியில் கிடந்து, குழந்தை உருட்டி வரும் தேரை மறிக்கிறது. "எங்க பார்க்கிங்லயும் கொரியர் அட்டைப்பெட்டி அப்படித்தான் கிடக்கும்" என்றாள் பேத்தி. அதை எழுதிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், நம் தொண்டை நாட்டைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும் தச்சர் செய்து கொடுத்த சிறுதேரை உருட்டிக் களைத்த பிள்ளைகள் பால் குடித்துத் தூங்குவதைச் சொல்கிறார். பிள்ளைத்தமிழில் சிறுதேர் ஒரு தனிப் பருவம், ஆனால் ஆண்பிள்ளைக்கு மட்டும். பெண்பிள்ளைக்கு ஊசல். இதை அவளிடம் சொல்லவில்லை. எங்கள் குடியிருப்பின் வளைவுகளில் அவளை முந்த ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் அழைத்துப் போனோம். ஐந்து ரதங்களையும் சுற்றிச் சுற்றி வந்தாள். பாறையைச் செதுக்கி ரதம் செய்த கதையை, ஏழாம் நூற்றாண்டு நரசிம்மவர்மனிலிருந்து ஆரம்பித்து நான் சொல்லச் சொல்ல, அவள் குனிந்து அடியில் எதையோ தேடினாள்.

"பாட்டி, வீல் எங்க?"

ரதம் என்று நாம்தான் பெயர் வைத்திருக்கிறோம். அவற்றுக்குச் சக்கரமே கிடையாது. "இதையும் யாராவது கழட்டி மொட்டமாடியில காயப்போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள்.

வாரம் முடிந்தது. கொப்புளம் வந்த சக்கரத்துக்கு இரண்டு முறை அடித்ததில் டப்பா காலி. இரண்டு சக்கரம் சிவப்பு, மூன்றாவது பாதியில் நிற்கிறது. கேளம்பாக்கத்தில் அந்தச் சிவப்பு இல்லை, "அடுத்த வாரம் வந்துரும்" என்றார் பெரியவர். அடுத்த வாரம் என்ற சொல் நாலு வயதில் செல்லாது. அதே கம்பெனியில், அதே அச்சு வாசகத்தோடு கிளிப்பச்சை இருந்தது. வாங்கி வந்து அடித்தேன். பின்பக்கம் இடது சக்கரம் பச்சை, மற்ற இரண்டும் சிவப்பு. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சிவப்பு வந்ததும் மாற்றிவிடலாம் என்று சொல்லித்தான் கீழே இறக்கினேன்.

மாடிப்படிக்கு அடியில் மூன்று வண்டிகளும் நின்றன. எதிர்வீட்டுப் பையன் வழக்கம்போல் முன்னால் போய் ஒன்றில் கை வைத்தான். "அது உன்னோடது. என்னோடதுல பச்சை இருக்கு" என்றாள் பேத்தி. அவன் குனிந்து பார்த்தான். கையை எடுத்துவிட்டான். அன்றைக்குப் பஞ்சாயத்து கூடவில்லை. பச்சையை மாற்றும் பேச்சை எடுத்தால் இப்போது அவளுக்குக் கோபம் வருகிறது.

வளையத்தை நான் மாற்றவே இல்லை அல்லவா? அதனால் சத்தம் அப்படியே இருக்கிறது. நேற்று ஐந்தரை மணிக்கு அதே எழுத்தாளர் போனில் வந்தார். இரண்டு வாக்கியம் பேசியிருப்போம்.

"மேடம், அந்தக் கட்டட வேலை இன்னும் முடியலையா?"

அன்புடன்,
ஆசிரியர்